எட்டு மணிக் கடிதம்

நாய்த் தீனி விளம்பர மெயிலுக்குப் பதினான்கு தலைப்புகள் எழுதி, பன்னிரண்டை அடித்துத் தள்ளி, மிச்சமிருந்த இரண்டில் எது தேவலை என்று தெரியாமல், லிஸ்டில் பாதிப் பேருக்கு இது மீதிப் பேருக்கு அது என்று போகட்டும், எதை அதிகம் பேர் திறந்து பார்க்கிறார்களோ அதுதான் நல்ல தலைப்பு, இந்தத் தொழிலில் நல்லதுக்கு வேறு விளக்கம் கிடையாது என்று விட்டுவிட்டு, தவசிலிங்கம் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே சிவகாசி விடிந்து, பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஹெட்போன் காதிலேயே இருந்தது. அதில் பாட்டு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் கழற்றுவதில்லை, ராத்திரி முழுக்க இரண்டு காதையும் மூடியபடியே இருந்து பழகிவிட்டால் வெளிச்சத்தில் காதைத் திறப்பது சட்டையில்லாமல் தெருவில் நிற்பதுபோல இருக்கிறது. இருபது வருஷம் அச்சாபீசில் தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் வரைந்த கை. நாற்பத்தொரு வயதில் இனி இது சோறு போடாது என்று தெரிந்தபோது, யாரோ வடக்கத்திப் பையன்கள் இந்தியில் விளக்கும் வீடியோக்களை அர்த்தம் புரியாமல் விரலை மட்டும் பார்த்துப் பார்த்து, கடை கண்ணிகளுக்காக மெயில் தயாரிக்கும் இந்த வேலையைக் கற்றுக்கொண்டார். இப்போது அமெரிக்காவில் ஒரு நாய்த் தீனிக் கம்பெனி, ஆஸ்திரேலியாவில் ஒரு பல் டாக்டர், எங்கேயோ ஒரு மெத்தைக்காரர். நாயின் மேல் பாசம், பல்லின் மேல் பயம், தூக்கத்தின் மேல் ஏக்கம், எல்லாம் அவர் கையால்தான் போகிறது, அவருக்கு நாயும் கிடையாது, கடைவாயில் இரண்டு பல்லும் கிடையாது, தூக்கம் என்றால் பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை மின்விசிறிக்குக் கீழே கிடப்பது. இன்னும் ஒரு வேலை. மதுரைக் குழந்தைத் துணிக்கடை. எட்டு மணிக்கு ஒரு மெயில் தானாகவே போகும். அதற்கு முன்னால் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் படுத்துவிடலாம். அந்தக் கடையின் ஆள் லிஸ்டைத் திறந்தே வருஷமாகிவிட்டது, அதைத் திறக்காமலே அந்த வேலையைச் செய்ய ஒரு பழக்கம் வந்திருந்தது, மாதம் ஒருமுறை மொத்த எண்ணிக்கையை மட்டும் கீழிருந்து நகலெடுத்து அனுப்பிவிடுவார், அண்ணாச்சி ரிப்போர்ட் சூப்பர் என்று கடை முதலாளியின் மகன் கதிரேசன் பதில் போடுவான். நேற்றும் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். அண்ணாச்சி, நாளைக்கு நம்ம முதல் பொறந்தநாள் லெட்டரு, ஒருக்கா பாத்துருங்க, எங்க அம்மாவே அதப் படிக்கணும்னு உக்காந்திருக்காங்க. பார்த்துவிடலாம் என்று மாதிரி பார்க்கும் பொத்தானை அமுக்கினார். திரை ஒரு நொடி வெள்ளையாக இருந்தது. பிறகு நீலப் பலூன்கள் மேலேறின, பலூன்களுக்குக் கீழே அவரே தேர்ந்தெடுத்த குண்டு எழுத்தில் வந்தது: அம்மா, இன்னிக்கு உங்க பட்டுவுக்கு ஒரு வயசு.

மாதிரி பார்க்கும்போது அந்த மென்பொருள் யாராவது ஒரு உண்மையான ஆளின் பெயரை எடுத்துப் போட்டுக் காட்டும். யாரை எடுக்கும் என்றால் லிஸ்டில் முதல் வரியில் இருப்பவரை. அவ்வளவுதான் விஷயம், அதில் விதி என்று எதுவும் இல்லை, எந்த லிஸ்டிலும் எந்த நாளிலும் அது முதல் வரியைத்தான் எடுக்கும். முதல் வரியில் போட்டது அவர்தான். பட்டு. அந்தப் பெயரை அவர் வாயால் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ரேஷன் கார்டில் கிடையாது, ஆஸ்பத்திரிச் சீட்டில் ஆண் சிசு என்று மட்டும் இருந்தது, தேதியும் நேரமும் எடையும் இருந்தன, பெயருக்கான இடத்தில் ஒரு கோடு. இந்தக் கட்டத்தில் மட்டும்தான் அந்தப் பெயர் இருக்கிறது, இந்தப் பெரிய உலகத்தில் மூன்றெழுத்துக்கு இந்த ஒரு கட்டம்தான் இடம், அதையும் மகள் பொன்ரேகாதான் தட்டினாள், இதோ இந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஏழாம் மாதத்துச் சேலை வயிற்றில் ஏறி நிற்க, குழந்தை பேருன்னு ஒரு இடம் இருக்கே அப்பா, பிறக்காததுக்கு என்ன போட என்று கேட்டுவிட்டு, அவர் ஏதாவது போடும்மா சும்மா சோதனைதானே என்றதும் சிரித்துக்கொண்டே தட்டினாள். அதற்கு முன்னால் நாலைந்து மாதமாகவே அவள்தான் அவருக்குச் சோதனை ஆள். தாய்மார்களுக்கு வாரம் ஒரு கடிதம், வயிற்றிலிருக்கும் குழந்தையே அம்மாவுக்கு எழுதுகிற மாதிரி என்கிற யோசனை அவருக்கு ஒரு ராத்திரி நாய்த் தீனிக்கு நடுவில் வந்தது. தன் பெண் பக்கத்து அறையில் புரண்டு படுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. கதிரேசன் துள்ளிவிட்டான். வாரா வாரம் அவர் எழுதி முதலில் மகளுக்குத்தான் அனுப்புவார், அவள் போனைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் தலைக்கு மேலே நின்று குற்றம் கண்டுபிடிப்பாள். அம்மா நான் இப்ப எலுமிச்சம்பழம் அளவு இருக்கேன் என்று எழுதினால், வயித்துக்குள்ள இருக்கவனுக்கு எலுமிச்சம்பழம் எப்படிப்பா தெரியும், கடைக்குப் போனானா? உங்க குரல் எனக்கு இனிமையா இருக்கு என்று எழுதினால், ரொம்பத்தான், இவன் என்ன பட்டிமன்றத்துக்கா வரப்போறான். அவள் சொல்லச் சொல்லக் குறைப்பார். அவள் குறைத்த பிறகு கடிதங்கள் நிஜமாகவே ஒரு குழந்தை பேசுவதுபோல ஆகிவிடும், மதுரையில் பெண்கள் படித்துவிட்டு அழுகிறார்கள் என்று கதிரேசன் சொன்னான், தவசிலிங்கம் தன் ஆயுளில் யாரும் அழுகிற மாதிரி எதையும் செய்ததில்லை, லேபிளைப் பார்த்து யார் அழுவார்கள். தாய் தரும் பிரசவத் தேதியை வைத்து மென்பொருளே கணக்குப் போட்டுக்கொள்ளும், நாற்பது வாரம் வாரக் கடிதம், அந்தத் தேதியன்று காலை எட்டு மணிக்கு வந்துட்டேன் என்று ஒரு கடிதம், அப்புறம் மாதா மாதம் வளர்ச்சி, ஒரு வருஷம் ஆனால் பொறந்தநாள். ஒருமுறை ஓடவிட்டால் போதும், அது பாட்டுக்கு ஓடும், நடுவில் யாரும் தொட வேண்டாம். அதுதான் அதன் சிறப்பு என்று அவரே கதிரேசனிடம் விளக்கியிருந்தார்.

வயிற்றிலிருந்தவன் எட்டாம் மாதமே போய்விட்டான். கடிதம் மட்டும் நிற்கவில்லை. நிறுத்தினேனே, நிறுத்தினேனே என்று அவர் மனசு அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுக்கே ஓடி ஓடித் திரும்பியது, பச்சைப் பெயின்ட் அடித்த சுவர், தண்ணீர் டிரம்முக்கு மேலே கவிழ்த்துவைத்த டம்ளர், உள்ளே அவள் மயக்கம் தெளியாமல் கிடக்க, மனைவி சண்முகக்கனி சுவரில் தலையைச் சாய்த்து முனகிக்கொண்டிருக்க, இவர் போனை எடுத்து, ஒரு மனுஷன் அந்த நேரத்தில் செய்கிற வேலையா அது, மகளின் பெயரைத் தேடி லிஸ்டிலிருந்து நீக்கினார். மறுநாள் திங்கட்கிழமை, காலையில் பப்பாளி அளவு இருக்கேன் என்று ஒரு கடிதம் போக இருந்தது. அதைத் தடுத்துவிட்டோம் என்ற ஒரே ஒரு ஆறுதல், அந்த வராண்டாவில் அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் மற்றவர்கள் செய்தார்கள். ஆனால் அவள் பெயர் லிஸ்டில் இரண்டு இடத்தில் இருந்தது. கடையின் படிவத்தில் அவளாகவே பூர்த்தி செய்தது ஒன்று, அது நடுவில் எங்கேயோ கிடந்தது, அதைத்தான் அவர் நீக்கினார். எல்லாவற்றுக்கும் முதலில், கடை திறப்பதற்கு முன்பே, சோதனைக்காக அவர் முதல் வரியில் போட்டது இன்னொன்று, அவளுடைய காலேஜ் காலத்து மெயில் முகவரி, ஊரெல்லாம் மறந்துபோன முகவரி. சோதனை ஆட்களை யாரும் நீக்குவதில்லை. லிஸ்டைச் சுத்தம் செய்யும்போதுகூட அந்த வரியைத் தாண்டித்தான் போவார்கள், அது ஆள் இல்லை, பென்சில் தீட்டும்போது ஓரத்தில் கிறுக்கிப் பார்க்கிற தாள் மாதிரி. இந்தத் தொழில் தெரிந்தவன்தான் செய்யக்கூடிய தப்பு. தெரியாதவனாக இருந்தால் மொத்தத்தையும் தூக்கி எறிந்திருப்பான். அப்படியென்றால் பப்பாளி போயிருக்கிறது. பப்பாளிக்கு அப்புறம் அன்னாசி, அதற்கப்புறம் தர்பூசணி, இன்னும் ரெண்டே வாரந்தாம்மா என்று ஒன்று, அதைப் பங்குனி வெயிலில் மொட்டைமாடிக்குப் போய் ஆனந்தமாக எழுதினார், அதுவும் போயிருக்கிறது. அவர் கை விரல்கள் விசைப்பலகையின் மேல் கிடந்தன. ஒருவேளை அவள் அந்த முகவரியைப் பார்ப்பதே இல்லையோ. காலேஜ் முடித்து ஐந்து வருஷம் ஆயிற்றே. கடவுச்சொல்லே மறந்திருக்கும். திறக்கப்படாத பெட்டியில் விழுந்த கடிதம் கடிதமா, யாருமில்லாத வீட்டுக் கதவிடுக்கில் செருகிய நோட்டீஸ், மழை பெய்தால் கரைந்துபோகும், அப்படித்தான் இருக்கும், அப்படி இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே, அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு பொத்தான் இருப்பதையும், அந்தப் பொத்தானின் மேல் தன் விரல் போய் நிற்பதையும் பார்த்தார்.

ஒவ்வொரு மெயிலுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி வைத்திருப்பார்கள். மெயிலைத் திறந்தால் புள்ளி விழித்துக்கொள்ளும், இன்னார் இத்தனை மணிக்குத் திறந்தார் என்று வந்து சொல்லிவிடும். எத்தனை முறை திறந்தாலும் அத்தனை முறையும் சொல்லும். பப்பாளி, எட்டு முறை. அன்னாசி, பதினொன்று. வந்துட்டேன் என்ற கடிதம், முப்பத்தொன்று. தவசிலிங்கம் அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாய்த் தீனிக் கம்பெனியில் ஒரு மெயிலை ஒரே ஆள் மூன்று தடவை திறந்தாலே பிரமாதம் என்பார்கள். மூன்றாம் மாதம், குப்புற விழப் பாக்குறேன் அம்மா, பத்தொன்பது. ஒன்றுகூடத் திறக்காமல் விடப்படவில்லை. நேரத்தைப் பார்த்தார். பகல் ஒன்று இருபது. பகல் இரண்டே கால். பகல் மூன்று பன்னிரண்டு. எல்லாம் பகல். எல்லாம் அவர் தூங்குகிற நேரம். இவர் மின்விசிறிக்குக் கீழே வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, ஒரு செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் போனை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், ஒரு வருஷமாக. ஆறாம் மாதக் கடிதத்தில் காலுறைப் படம் ஒன்று உண்டு, அதன் மேல் ஒருமுறை தொட்டிருக்கிறாள், அந்தக் காலுறை கூடையில் விழுந்திருக்கிறது, வாங்கவில்லை, உடனே கடை இன்னொரு மெயிலை அவளுக்கு அனுப்பியிருக்கிறது, எதையோ விட்டுட்டுப் போயிட்டீங்களே என்று. அதுவும் அவர் எழுதியதுதான். நல்ல வேலை செய்கிற வரி அது, ஐந்து கடைகளுக்கு அதையே வைத்திருக்கிறார். சுவர் இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் ரோஜா நிறம், அவள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று அடித்தது. மருமகன் தோகாவிலிருந்து ஒன்பது நாள் லீவில் வந்து, பேசத் தெரியாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, திரும்பிப் போய்விட்டார். கூப்பிடும்போதெல்லாம் அவள் இன்னும் கொஞ்ச நாள் இங்க இருக்கேன் என்கிறாள். ஏன் இங்கே. இந்த வீட்டில் என்ன இருக்கிறது. அவருக்கு இப்போது ஒரு சாயங்காலம் ஞாபகம் வந்தது. எல்லாம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். அவர் வேலையை ஆரம்பித்துக்கொண்டிருந்தார், அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்று, அப்பா இன்னும் அந்தக் கடைக்கு எழுதுறீங்களா என்று கேட்டாள். இவருக்குச் சுருக்கென்றது, கேட்காமல் கேட்கிறாள், குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தார், அவள் நோகக்கூடாதென்று ஒரு பொய் சொன்னார். அதெல்லாம் விட்டாச்சும்மா. அவள் ம் என்றாள். நின்றாள். போய்விட்டாள். விட்டாச்சு என்று சொன்ன மறு வாரமே கடிதம் வந்திருக்கும். அப்புறமும் வந்திருக்கும். அப்பா பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். என்னவென்று நினைத்திருப்பாள். மறதியென்றா, இந்த மனுஷனுக்கு லிஸ்டில் ஒரு வரியைக்கூட ஒழுங்காக எடுக்கத் தெரியவில்லை என்றா, இல்லை, ஊருக்கு விட்டாச்சு என்று சொல்லிவிட்டு, அவளுக்கு மட்டும் மாதா மாதம் அவனை வளர்த்து வளர்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்றா. இதில் எது என்று தெரியாமல் எட்டு மணி வரை எப்படி இருப்பது. எது என்று கேட்கத்தான் முடியுமா.

சண்முகக்கனி காபியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, வைத்த சத்தம் கேட்டும் அவர் திரும்பாததால் ஹெட்போனின் ஒரு பக்கத்தை இழுத்துவிட்டாள். மணி ஏழு இருபது. அவளுக்கு இன்று ஒரு புகார் இருந்தது, புகார் என்றும் சொல்ல முடியாது, ஆச்சரியம்.

"என்னைக்கும் இல்லாத திருநாளா இன்னிக்கு ஆறு மணிக்கே எந்திரிச்சு தலைக்கு ஊத்திருக்கா. ஈரத் தலையோட உக்காந்துருக்கா. என்னடி விசேஷம்னா, சும்மாம்மாங்கா."

அவர் திரையின் மேல் வேறொரு பக்கத்தை இழுத்து மூடினார், பல் டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது, ஹெட்போனுக்குள் எங்கோ வாய்க்கால் ஓடுகிற மாதிரி. தேதி அவளுக்கு நினைவிருக்கிறது. இவர்கள் இருவரும் வருஷ நாளை மட்டும்தான் நினைவு வைத்திருந்தார்கள், அவன் போன நாள், இன்றைக்கு ஐந்து வாரம் முன்னால் ஒரு திங்கட்கிழமை, அன்று வீட்டில் யாரும் எதுவும் பேசாமல் ரசஞ்சோறு சாப்பிட்டுப் படுத்தார்கள், தாண்டிவிட்டோம் என்று நினைத்தார்கள். அவள் வைத்திருந்தது இன்னொரு தேதி. அவன் வர வேண்டிய தேதி. சொல்லலாமா இவளிடம் என்று அவருக்கு வாய்வரை வந்தது, வந்து, சொன்னால் இவள் உடனே அந்தக் கதவைத் தட்டுவாள், அழுவாள், அழுகையில் அது உடைந்துபோகும், அது என்றால் எது என்று அவருக்கே தெரியவில்லை.

"நான் பாட்டுக்குப் பேசுறேன். அந்த மடங்குன காதுல எதுதான் ஏறும்" என்று சொல்லிவிட்டுச் சண்முகக்கனி அடுப்படிக்குப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லும் வசவு அது. அவருடைய இடது காதின் மேல்நுனி பிறந்ததிலிருந்தே முன்பக்கமாக மடிந்திருக்கும், புத்தகத்தில் பக்கத்தை அடையாளத்துக்கு மடித்துவைத்த மாதிரி. பள்ளிக்கூடத்தில் அதற்குப் பட்டப்பெயர் இருந்தது. ஹெட்போன் போட்டால் தெரியாது. அவர் இழுத்துவிடப்பட்ட பக்கத்தைத் திரும்பக் காதில் ஏற்றினார், ஏற்றிய கை அங்கேயே நின்றது. அவ பார்க்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னாள். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், மருமகனின் அண்ணன் சொன்னார், சண்முகக்கனியும் சொன்னாள், பெத்தவ பாத்தா முகம் மனசுல நின்னுரும், அப்புறம் அடுத்ததுக்கு எந்திரிக்க மாட்டா, காட்டக்கூடாது, வழக்கமே அதுதான். அவரும் தலையாட்டினார். அவள் கண் விழிப்பதற்குள் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள், ஒரு பொட்டலம், கனம் என்று சொல்ல முடியாது, அச்சாபீசில் ஒரு ரீம் தாள் இதைவிடக் கனக்கும், ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனார், கண்மாய்க் கரையில் பிள்ளைகளைப் புதைக்கிற மேடு, அங்கே மருமகனின் அண்ணன் குழி பார்க்கப் போனபோது, ஒரு நிமிஷம் இருக்கும், அவர் துணியை விலக்கினார். விலக்கக்கூடாது என்றுதான் இருந்தார். தூங்குகிற முகம். உதடு கொஞ்சம் கறுத்திருந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லாத முகம், நெற்றி பொன்ரேகாவுடையது, இடது காதின் மேல்நுனி முன்பக்கமாக மடிந்திருந்தது. அவர் விரலால் அதை நீவிவிட்டார். நீவினால் நிமிர்ந்தது, விட்டால் மடிந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பதினைந்தாம் நாள் பொன்ரேகா கேட்டாள், முகத்தைப் பார்க்காமல், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரு மாதிரிப்பா இருந்தான் என்று. சரியாப் பாக்கலம்மா, துணி சுத்தியிருந்துச்சு என்றார். இதுவும் பொய். இரண்டு பொய், இரண்டும் அவள் நோகக்கூடாது என்று சொன்னவை, இரண்டுக்கும் அவள் ஒரே பதில்தான் சொன்னாள், ம். ஒருவேளை அதற்கப்புறம்தான் அவள் கடிதங்களைத் திறக்க ஆரம்பித்தாளோ. முகம் கொடுக்க மாட்டோம் என்றவர்கள் பேச்சையாவது அனுப்புகிறார்களே என்று. அந்தப் பேச்சில் காது கிடையாது, நெற்றி கிடையாது, கடையில் எந்தக் குழந்தைக்கும் பொருந்துகிற பேச்சு அது, ஆறாம் மாதம் எல்லாருக்கும் ஒரே காலுறை. அதை முப்பத்தொரு முறை திறந்து எதைத் தேடினாள்.

மணி ஏழு நாற்பத்தாறு. பலூன் மெயிலைத் திரும்ப எடுத்து முழுசாகப் படித்தார். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, யோசிக்காமல், தூக்கக் கலக்கத்தில் எழுதித் தள்ளியது. அம்மா, நான் நடக்க ஆரம்பிச்சுட்டேன், உங்க சேலையப் பிடிச்சு இழுக்குறேன், இன்னிக்குக் கேக்கு உண்டா, எனக்குப் புதுச் சட்டை எங்கே. கீழே சட்டைகள் வரிசையாக. இதை அவள் ஈரத் தலையோடு உட்கார்ந்து படிக்கக்கூடாது. அதுமட்டும் தெளிவாகத் தெரிந்தது, மற்றது எதுவும் தெளிவாக இல்லாதபோது தெளிவாகத் தெரிகிற ஒன்றைச் செய்துவிடுவது அவர் வழக்கம், ஆஸ்பத்திரி வராண்டாவிலும் அதைத்தான் செய்தார். முதல் வரியைத் தேர்ந்தெடுத்தார். இந்த நபரை நீக்கினால் இவர் குறித்த எல்லா விவரமும் அழியும், சம்மதமா என்று திரை கேட்டது. பெயர், தேதி, முப்பத்தொன்று, பத்தொன்பது, எல்லாம். பட்டு என்கிற கட்டம் அதற்கப்புறம் இராது. விரல் சுட்டது மாதிரி எடுத்துக்கொண்டார். அழிக்க வேண்டாம், இன்றைக்கு மட்டும் போகாமல் நிறுத்திவைத்தால் போதும், அதற்கு ஒரு வழி உண்டு, அந்த வழியில் போனார், நிறுத்தினார். இந்தத் தேதிக்கு ஒன்பது தாய்மார்கள், இப்போது எட்டு. காபி ஆடை கட்டிவிட்டது. நாளைக்கு ஏதாவது யோசிக்கலாம். நாளைக்கு அவளிடம் உட்கார்ந்து பேசலாம். எட்டு மணி ஆனது, மூலையிலிருந்த சின்ன எண் பூஜ்யத்திலிருந்து எட்டாக மாறியது, மதுரையிலும் மேலூரிலும் எங்கெங்கோ எட்டுப் போன்கள் சத்தம் போட்டிருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. எட்டு மூன்று. நல்ல காரியம் செய்ததுபோலவும், ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் கூப்பிடாமல் விட்டுவிட்டு வந்ததுபோலவும் இருந்தது. எட்டு ஐந்து. கட்டிலின் சத்தம் கேட்டது, அப்புறம் தாழ்ப்பாள்.

பொன்ரேகா வந்து நிலையில் நின்றாள். தலையில் துண்டு இல்லை, ஈரம் தோளில் இறங்கியிருந்தது. நல்ல சேலை, அவள் ஒரு வருஷமாகத் தொடாத சேலை. போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், கோயிலில் தீபாராதனைக்கு முன்னால் ஏந்துகிற மாதிரி. அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் மின்னிக்கொண்டிருந்த நெட் பெட்டியின் விளக்குகளைப் பார்த்தாள்.

"நெட்டு வருதாப்பா?"

எதுவும் உடைந்த சத்தம் கேட்கவில்லை, அடுப்படியில் சண்முகக்கனி மிளகாய் வதக்கிக்கொண்டிருந்தாள், வேன் ஒன்று போனது. எத்தனை பகலில் இப்படிப் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பாள் என்று அவர் எண்ணிப் பார்க்க முயன்றார், பன்னிரண்டா, வாரக் கடிதங்களையும் சேர்த்தால் எத்தனை, எண்ண முடியவில்லை. கோபம் இருந்தால் அந்தக் குரலில் தெரிந்திருக்கும். கோபம் இல்லை. தாமதமாகும் பஸ்ஸை விசாரிக்கிற குரல்.

"வருதும்மா. கொஞ்சம் லேட்டாகுது. உக்காரு, இப்ப வந்துரும்."

அவள் உட்காரவில்லை. அவர் திரும்பி அந்த மெயிலைத் திறந்தார். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார், விலைகளை எடுத்தார், கடையின் பெயரை எடுத்தார், பலூன்களை எடுத்தார். கேக்கை எடுத்தார். நடக்க ஆரம்பிச்சுட்டேன் என்பதை எடுக்க மனசில்லாமல் கொஞ்சம் நின்று, எடுத்தார். முதல் வரி மட்டும் மிஞ்சியது. அதற்குக் கீழே எழுதினார், எழுதியதை அடித்தார், திரும்ப எழுதினார், அவர் வாழ்நாளில் ஒரு வரிக்கு இவ்வளவு நேரம் எடுத்ததில்லை, பின்னால் அவள் மூச்சு கேட்டது, எழுதுவது அவளுக்குத் தெரிந்திருக்கும், தலைக்கு மேலே நின்று பார்த்துப் பழகியவள்தானே, மறைக்கவில்லை. அனுப்பு என்பதை அமுக்கினார். அவள் கையில் போன் ஒரு முறை சின்னதாகச் சத்தம் போட்டது.

படித்தாள். கட்டைவிரலால் மேலே தள்ளிப் பார்த்தாள், தள்ள ஒன்றும் இல்லை, அவ்வளவுதான் கடிதம். திரும்பவும் படித்தாள். தவசிலிங்கத்தின் திரையில் அந்தப் புள்ளி விழித்துக்கொண்டு வந்து சொன்னது, ஒருவர் திறந்தார், எட்டு பதினேழு. அதில் எழுதியிருந்தது இதுதான்: அம்மா, இன்னிக்கு உங்க பட்டுவுக்கு ஒரு வயசு. நெத்தி உங்க நெத்திதான், தாத்தா துணிய விலக்கிப் பாத்தாரு, உங்ககிட்ட பொய் சொல்லிட்டாரு, என் காது மட்டும் அவரு காது, மேல மடிஞ்சிருக்கும், நீவுனாலும் நிக்காது, திரும்ப மடிஞ்சுக்கும்.

போனிலிருந்து தலையைத் தூக்கி அவள் பேசினாள். அந்தப் பழைய குற்றம் கண்டுபிடிக்கிற தொனி குரலில் எங்கேயோ இருந்தது.

"ஒரு வயசுப் புள்ள இவ்வளவு பேசாதுப்பா."

"குறைச்சுரலாம்மா."

"வேண்டாம்." போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "எந்தக் காது?"

அவர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் இடது பக்கம் விழும்படி தலையைத் திருப்பி, அவள் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.